மடங்க மறுக்கும் முழங்கால்

சமதரையில் நடப்பதற்கு நம் முழங்கால் 67 டிகிரி மடங்கினால் போதும். மாடிப்படி ஏற 83 டிகிரி வேண்டும். நாற்காலியில் உட்கார 93. குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட 106. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க டாக்டர்கள் ஆட்களை நடக்கவிட்டு, ஏறவிட்டு, உட்காரவிட்டு அளந்து எழுதி வைத்த கணக்கு இது. காலை நேராக நீட்டினால் பூஜ்யம் டிகிரி. நாற்காலியில் பாதம் தரையில் பதிய உட்கார்ந்தால் சுமார் 90 டிகிரி. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் நமக்கும் சுலபமாகப் புரியும்.

ஆனால் பாருங்கள், அந்தக் கணக்கில் அரிவாள்மனை இல்லை. வாசலில் குந்திக்கொண்டு கோலம் போடுவது இல்லை. பந்தியில் சம்மணம் போட்டு உட்காருவது இல்லை. இவற்றுக்கெல்லாம் 120 டிகிரியையும் தாண்டியாக வேண்டும். பிறந்த குழந்தையை நீட்டிய காலில் கிடத்திப் பாட்டிமார் குளிப்பாட்டுகிறார்களே, அதற்கு மடங்கவே வேண்டாம். ஆனால் முழங்கால் பாக்கியில்லாமல் நீள வேண்டும்! நம் வீட்டுப் பெண்களுக்கு முழங்கால் என்பது நடப்பதற்கு மட்டும் இல்லை. அதனால்தான் அது மடங்க மறுத்தால் வீடே ஸ்தம்பித்துப் போகிறது.

மூட்டு மாற்று ஆபரேஷன் இன்று யாருக்கும் புதுச் செய்தியல்ல. தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி எடுத்துவிட்டு, உலோகத்தால் ஆன கவசம் மாட்டி, நடுவில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைக்கிறார்கள். இப்போது செய்யும் ஆபரேஷனுக்கு முன்னோடியான மூட்டு 1974-ல் நியூயார்க்கில் ‘ஹாஸ்பிடல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரி’ என்ற ஆஸ்பத்திரியில் முதலில் பொருத்தப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் டாக்டர் ஜான் இன்சால், பொறியியல் நிபுணர் பீட்டர் வாக்கர் ஆகியோருடன் நம் நாட்டவரான டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத்தும் ஒருவர். பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்களுக்கு 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் மும்பை ப்ரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் முழங்கால் ஆபரேஷன் செய்தாரே, அதே ரணாவத்தான். அதற்கு முன் இதைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்கூட அந்த வாரம் பத்திரிகைகளில் படம் போட்டுப் படித்தோம்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் சுகமாக நடக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நாளைக்கு ஆபரேஷனுக்குப் போக இருக்கும் மாமியார் பின்வாங்கிவிட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்! ஆனால் நூறு பேரில் 3 முதல் 10 பேர் வரை புது மூட்டு சரியாகப் பொருந்தியும், எக்ஸ்ரேயில் எந்தக் குறையும் தெரியாமலும், முழங்கால் விறைத்துப் போய்விடுகிறது. உள்ளே தழும்பு வளர்ந்து மூட்டைக் கட்டிப் போட்டுவிடுகிறது. ஆர்த்ரோஃபைப்ரோசிஸ் என்று இதற்குப் பெயர். மூட்டுத் தழும்பு என்றே நாம் சொல்லிக்கொள்ளலாம்.

சோம்பேறிப் பட்டம்

என் அக்காவுக்கு இதுதான் வந்தது. அதே வாரம், அதே ஆஸ்பத்திரியில், அடுத்த கட்டிலில் இருந்த அம்மாள் ஆறாவது வாரம் 110 டிகிரி மடக்கினார். அக்காவுக்கு 70-க்கு மேல் ஒரு கோடு நகரவில்லை. வந்தவர் போனவர் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். “நீங்க பயந்துக்கிட்டு மடக்காம இருந்திருப்பீங்க.” “வலியைப் பொறுத்துக்கணும், நான் பொறுக்கலையா?” பயிற்சி கொடுத்தவரே ஒருநாள், “அம்மா மனசு வைக்கலே” என்று என் அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று பிள்ளை பெற்றவள், இருபது வருஷம் கூட்டுக் குடும்பத்துக்கு ஆட்டுக்கல்லில் ஆட்டியவள், மனசு வைக்கவில்லையாம்! அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு தானாகவே காலை மடக்கிப் பார்ப்பாள் என்று அத்தான்தான் சொன்னார்.

என் அண்ணன் மகள் பிசியோதெரபி படித்தவள். அவளிடம் போனில் குமுறித் தீர்த்தேன்.

“அத்தை, பெரிய அத்தை மேலே தப்பே இல்லே. ஒழுங்கா பயிற்சி செஞ்சவங்களுக்கும் இது வருது. ஏன் வருதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குன்னே ஆராய்ச்சிக்கூடம் வெச்சு வேலை செய்யறாங்க. அவங்க எழுதினதை அனுப்பறேன், படிச்சுப் பாருங்க” என்றாள்.

“எனக்கு எங்கேடி அதெல்லாம் புரியப் போகுது?”

“நான் சொல்றேன். நீங்க கேள்வி மட்டும் கேளுங்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையல் முடிந்த பிறகு, அவள் படித்துச் சொல்ல, நான் கேள்வி கேட்க, இரண்டு மாதம் போயிற்று. எனக்குப் புரிந்த அளவில் அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூடத் தெரிந்த உடம்பு, நிறுத்தத் தெரியாத உடம்பு

விரலில் கத்தி பட்டுவிட்டால் என்ன ஆகிறது? ரத்தம் உறைகிறது. பொருக்குக் கட்டுகிறது. காயத்தின் இரண்டு ஓரங்களும் மெல்ல மெல்ல நெருங்கி வந்து ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஓரங்களை யார் இழுக்கிறார்கள்? 1971-ல் ஜெனீவா நகரத்தில் ஜூலியோ காபியானியும் அவருடைய சகாக்களும் இதற்குப் பதில் கண்டார்கள். ஆறிக்கொண்டிருக்கும் புண்ணில், நார் நெய்யும் செல்லாகவும், தசையைப் போலச் சுருங்கும் செல்லாகவும் ஒன்றையே பார்த்தார்கள். மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று அதற்குப் பெயர். நெய்வதும் அதுவே, இழுத்துக் கட்டுவதும் அதுவே.

காயம் மூடியதும் இந்தச் செல்கள் தாமே மடிந்து போக வேண்டும். கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் பந்தி முடிந்ததும் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்புவது மாதிரி. சிலருடைய முழங்காலில் இவர்கள் கிளம்புவதே இல்லை. பந்தி முடிந்த பிறகும் அடுப்பை எரியவிட்டுச் சமைத்துக்கொண்டே இருக்கிறார்கள்! மூட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை தடித்து, சுருங்கி, இறுகிப்போகிறது. வெளித்தோலில் இப்படி நடந்தால் கண்ணுக்குத் தெரியும். மூட்டுக்குள் நடப்பதால் ‘மனசு வைக்கலே’ என்று பேர் வருகிறது.

இவர்களுக்கு அடுப்பை மூட்டச் சொல்லி உத்தரவு கொடுப்பது யார்? இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

அனிதா ராபர்ட்ஸ் 1942-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் பிறந்தவர். தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மைக்கேல் ஸ்போர்ன் என்பவரோடு சேர்ந்து வேலை பார்த்தார். செல்களுக்குச் செய்தி சொல்லும் ஒரு புரதத்தை அவர்கள் துரத்திக்கொண்டிருந்தார்கள். டி.ஜி.எஃப். பீட்டா என்று அதற்குப் பெயர். துளியளவு கிடைப்பதற்கே மலையளவு சதை வேண்டும். 1983-ல் அந்தக் குழுவினர் அதை மூன்று இடங்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மாட்டின் சிறுநீரகம் ஒன்று, மனித ரத்தத் தட்டணுக்கள் ஒன்று, மூன்றாவது... பிரசவத்தில் வெளிவரும் நஞ்சுக்கொடி! நாம் புதைத்துவிட்டுத் தலைமுழுகும் பொருளிலிருந்து இப்படி ஒரு புதையல்.

1986-ல் ராபர்ட்ஸ் குழுவினர் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குத் தோலுக்கடியில் அந்தப் புரதத்தை ஊசி போட்டார்கள். காயமே இல்லாத இடத்தில் இரண்டு மூன்று நாளில் புது ரத்தக் குழாய்கள் முளைத்தன, நார் உற்பத்தி மும்முரமாகத் தொடங்கிவிட்டது. தழும்புக்கு உத்தரவு கொடுக்கும் குரல் எது என்று அன்றைக்குத் தெரிந்தது. பிற்பாடு உலகிலேயே மிக அதிகமாக எடுத்துக்காட்டப்படும் விஞ்ஞானிகளில் ஒருவராக ராபர்ட்ஸ் ஆனார். 2006-ல் புற்றுநோயால் காலமானார். முழங்காலைப் பற்றி அவர் நினைத்திருக்கக்கூட மாட்டார். ஆனால் இன்று மூட்டுத் தழும்பைப் பற்றி எந்தக் கட்டுரையைப் பிரித்தாலும் அந்தப் புரதத்தின் பெயர் இல்லாமல் இல்லை.

ராச்செஸ்டர் முயல்கள்

அமெரிக்காவின் வடக்கே, பனி கொட்டும் மின்னெசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்று ஓர் ஊர். மேயோ கிளினிக் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரி வந்த கதை சுவையானது. 1883-ல் சூறாவளி ஒன்று ஊரைப் புரட்டிப் போட்டது. பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்த கன்னியாஸ்திரீகள் காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டார்கள். அவர்களுடைய தலைவி மதர் ஆல்ஃபிரட் மோஸ், டாக்டர் மேயோவிடம் போய், “ஆஸ்பத்திரி ஒன்றை நாங்கள் கட்டுகிறோம், நீங்கள் வைத்தியம் பாருங்கள்” என்ற யோசனையைச் சொன்னார். டாக்டர் முதலில் தயங்கினார். கன்னியாஸ்திரீகள் விடவில்லை. பணம் சேர்த்து 1889-ல் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியைத் திறந்தே விட்டார்கள்.

அந்த மேயோவில் பெர்னார்ட் மோரி என்ற டாக்டர் இருந்தார். முழங்கை நிபுணர். 1981-ல் அவரும் சகாக்களும் 33 ஆரோக்கியமான மனிதர்களை உட்கார வைத்து, சாப்பிடுவது, தலை சீவுவது என்று பதினைந்து அன்றாட வேலைகளைச் செய்யச் சொல்லி, முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார்கள். பெரும்பாலான வேலைகளுக்கு 100 டிகிரி வீச்சு போதும் என்று கண்டார்கள். முழங்காலைப் பற்றிப் பேசும்போது முழங்கை எதற்கு என்று நானும் கேட்டேன். காரணம் இருக்கிறது. அடிபட்டால் மிகச் சுலபமாக விறைத்துப்போகும் மூட்டு முழங்கைதான். ஆகவே மூட்டுத் தழும்பைப் பற்றி முழங்கை டாக்டர்களுக்கும் கவலை உண்டு. பெர்னார்ட் மோரியின் மகன் மார்க் மோரியும் அப்பாவின் வழியிலேயே முழங்கை டாக்டரானார், அதே கவலையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். ஸ்பெயினிலிருந்து வந்த டாக்டர் ஹோக்கின் சான்செஸ்-சொட்டெலோ, இடுப்பு முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்யும் டாக்டர் மாத்யூ அப்டெல், மரபணு வேலைகளை ஆராயும் விஞ்ஞானி ஆந்த்ரே வான் வைனன் என்று ஒரு குழு சேர்ந்தது. கத்தி பிடிப்பவர்களும் நுண்ணோக்கி பிடிப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

இவர்களுக்கு முயல்கள் தேவைப்பட்டன. மனிதனின் முழங்காலை வேண்டுமென்றே விறைக்க வைத்துப் பார்க்க முடியாதே! கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டாக்டர் கெவின் ஹில்டிபிராண்ட் ஏற்கெனவே முயலில் இதைச் செய்து காட்டியிருந்தார். மேயோக்காரர்கள் அதையே கொஞ்சம் மாற்றினார்கள். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து, முழங்காலின் பின்பக்க உறைக்குக் காயம் உண்டாக்கி, காலை மடக்கி வைத்து, எஃகுக் கம்பியால் எட்டு வாரம் அசையாமல் கட்டுகிறார்கள். பிறகு கம்பியை எடுத்துவிட்டுப் பதினாறு வாரம் தாராளமாக ஓடவிடுகிறார்கள். குதித்து ஓடுவதைவிட முயலுக்கு வேறென்ன பயிற்சி வேண்டும்? அப்படியும் அந்தக் கால் முழுசாக நீளவில்லை.

இதைக் கேட்டதும் நான் அண்ணன் மகளைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். முயலுக்காக மனசு கஷ்டப்பட்டது உண்மைதான். ஆனால் அதைவிட வேறொன்று உறைத்தது. முயலுக்குச் சோம்பல் கிடையாது. வலிக்குப் பயந்து ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடுவதும் கிடையாது. பதினாறு வாரம் ஓடியும் அதற்கே கால் நீளவில்லை என்றால், என் அக்காவைப் பார்த்து மனசு வைக்கவில்லை என்று சொன்னவர்கள் எல்லாம் இப்போது என்ன சொல்வார்கள்?

முயலின் கால் எவ்வளவு நீள்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை. எல்லா முயலுக்கும் ஒரே அளவு விசை கொடுத்து இழுத்துப் பார்க்கும் கருவி வைத்து அளக்கிறார்கள். மூட்டின் உறையை எடுத்து, எந்தெந்த மரபணு எந்தெந்த வாரத்தில் விழித்துக்கொள்கிறது என்று பார்க்கிறார்கள். 2017-ல் வெளியான ஒரு கட்டுரையில் 380 மரபணுக்களை வாரவாரியாகத் தொடர்ந்திருக்கிறார்கள். 2020-ல் மனிதர்களிடமே வந்தார்கள். விறைத்துப்போன முழங்காலைத் திரும்பத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது எடுத்த திசுவையும், விறைக்காத முழங்காலிலிருந்து எடுத்த திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஆபரேஷன் மேசையில் படுத்திருந்த யாரோ சில பெண்களும் ஆண்களும், வேண்டாமென்று வெட்டி எடுக்கும் சதையை ‘ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால்தான் அது நடந்தது. அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் வராது. ஆராய்ச்சிக்கூடத்தின் பின்னால் இருக்கும் மனிதர்கள் என்றால் இவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம் கேட்டால் சிரிப்பீர்கள். எவ்வளவு விறைத்தால் ‘விறைப்பு’ என்று சொல்வது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே நெடுநாள் ஒற்றுமை இல்லை. ஒருவர் 70 டிகிரி என்பார், ஒருவர் 90 என்பார். நூறில் மூன்று, நூறில் பத்து என்று கணக்கு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2016-ல்தான் பல நாட்டு டாக்டர்கள் கூடி ஒரு பொது வரையறை எழுதினார்கள். மடங்குவது 90-க்கும் 100-க்கும் இடையில் நின்றுவிட்டால் லேசானது, 70-லிருந்து 89 வரை நடுத்தரம், 70-க்குக் கீழே கடுமையானது. நீட்டுவதில் குறை இருந்தாலும் இதேபோல மூன்று படிகள். வேறு காரணம் எதுவும் இல்லாமல், தழும்பினால் மட்டும் ஏற்பட்ட விறைப்புக்குத்தான் இந்தப் பெயர் என்றும் தீர்மானித்தார்கள்.

மருந்து உண்டா?

தேடிக்கொண்டிருக்கிறார்கள். கைக்கு எட்டியதும் எட்டாததுமாக இரண்டு கதை சொல்கிறேன்.

கால்கரியில் ஹில்டிபிராண்ட் குழுவினர், தழும்புத் திசுவில் மாஸ்ட் செல்கள் கூட்டமாக இருப்பதைக் கவனித்தார்கள். அலர்ஜி வந்தால் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் அதே செல்கள். அதை அடக்குவதற்குக் கீட்டோட்டிஃபென் என்ற பழைய மாத்திரை ஒன்று இருக்கிறது. ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் கொடுப்பது. முயலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விறைப்பு கணிசமாகக் குறைந்தது! உடனே மனிதர்களுக்குக் கொடுத்துவிடவில்லை. முறையாக, முழங்கை முறிந்த 151 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாதிக்கு நிஜ மாத்திரையும் மறு பாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. மாத்திரையால் கெடுதல் இல்லை, சரி. ஆனால் முழங்கை மடங்குவதில் இரு சாராருக்கும் சொல்லும்படியான வித்தியாசமும் இல்லை. இத்தனை வருஷ உழைப்புக்குப் பிறகு ‘பலன் தெரியவில்லை’ என்று தாங்களே எழுதி வெளியிடுவதற்கு ஒரு நேர்மை வேண்டும். எனக்கென்னவோ முயலுக்குக் குணமானதைவிட இதைப் படித்தபோதுதான் அவர்கள் மேல் மரியாதை கூடியது.

மேயோவில் செலெகாக்ஸிப் என்ற மருந்தைப் பிடித்தார்கள். மூட்டு வலிக்கு நம்மூரிலும் எழுதிக் கொடுக்கும் மாத்திரைதான். அதை வாய்வழியாகக் கொடுக்காமல் முயலின் மூட்டுக்குள்ளேயே செலுத்தினார்கள். 2022-ல் வந்த கட்டுரைப்படி, தழும்பை வெட்டி விடுவித்த முயல்களுக்கும் சரி, வெட்டாத முயல்களுக்கும் சரி, மருந்து பட்ட கால் கூடுதலாக நீண்டது. நல்ல சேதிதான். ஆனால் இது முயலின் சேதி. வீட்டில் இருக்கும் மாத்திரையை எடுத்துக் கூடுதலாக விழுங்கிவிடாதீர்கள். இதயக் கோளாறும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

மெஷின் கதையும் ஒன்று உண்டு. டொரான்டோ குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ராபர்ட் சால்ட்டர், ‘அடிபட்ட மூட்டுக்கு ஓய்வு கொடு’ என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ‘இல்லை, அசைத்துக்கொண்டே இரு’ என்றார். 1970-லிருந்து முயல்களில் சோதித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் காலைப் படுக்கையிலேயே தானாக மடக்கி நீட்டும் மெஷின். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு பல ஆஸ்பத்திரிகளில் மாட்டிவிடுகிறார்கள், வாடகைக்கும் கிடைக்கிறது. ஆனால் 2014-ல் பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மெஷினால் கூடுதலாகக் கிடைத்த மடக்கம் சுமார் 2 டிகிரிதான் என்று தெரிந்தது. வாடகைப் பணத்துக்கு அது கட்டுமா என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை நாம் என்ன செய்வது?

அக்காவுக்கு ஒன்பதாவது வாரம் மயக்க மருந்து கொடுத்து, டாக்டரே மெதுவாகக் காலை மடக்கி உள்ளே ஒட்டியிருந்த தழும்பை விடுவித்தார். பத்து நிமிஷ வேலை. இதற்குக் காலக்கெடு உண்டு என்பதுதான் முக்கியம். ஆபரேஷன் முடிந்த முதல் 12 வாரத்துக்குள் செய்தால் பலன் நன்றாகக் கிடைக்கிறது. நாள் ஆக ஆகத் தழும்பு முற்றிவிடும், பிறகு சின்னத் துளை போட்டோ, திரும்பத் திறந்தோதான் வெட்ட வேண்டியிருக்கும். ‘இன்னும் ஒரு மாசம் பயிற்சி செய்யட்டும், பார்க்கலாம்’ என்று வீட்டிலேயே காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களை அண்ணன் மகள் நிறையப் பார்த்திருக்கிறாளாம். அக்காவுக்கு 95 டிகிரி வந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து பூஜை செய்கிறாள், மாடி ஏறுகிறாள். சம்மணம் போட முடியாது. அடுத்த கட்டில் அம்மாளின் 110 வரவேயில்லை.

விறைப்பு என்றதும் தழும்பு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. உள்ளே கிருமி இருந்தாலும், மூட்டின் அளவோ பொருத்தமோ சரியில்லாவிட்டாலும் கால் மடங்காது. அதை முதலில் டாக்டர் விலக்கிப் பார்க்க வேண்டும். ஜுரம், முழங்கால் சிவந்து கொதிப்பது, காயத்திலிருந்து நீர் கசிவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் நாம் பாசத்தால் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணையைச் சொருகிவிடுவோம். அவர்களுக்கும் இதமாக இருக்கும். ஆனால் கால் அப்படியே லேசாக மடங்கிய நிலையில் இறுகிவிட்டால், பிறகு நேராக நீளவே நீளாது. நடக்கும்போது விந்தி விந்தித்தான் நடக்க வேண்டும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் தானாக நேராகும்.

பயிற்சி ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்குப் பல தடவை. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி முன்னால் கொடுத்துவிட்டால் அரை யுத்தம் முடிந்த மாதிரி. முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். மயக்க மருந்து இல்லாமல் யாராவது முரட்டுத்தனமாகப் பிடித்து மடக்குவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், எவ்வளவு கைராசிக்காரர் என்று சொன்னாலும். எலும்பு முறிந்துவிடும்.

இனிமேல்தான் ஆபரேஷன் என்றிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அதற்கு முன்னால் எவ்வளவு மடங்கிக்கொண்டிருந்தது என்பதுதான். ஆகவே காலம் தாழ்த்திக் கட்டையாகிப் போன பிறகு போவதைவிட, ஓரளவு மடங்கும்போதே டாக்டரைக் கலந்துகொள்வது மேல். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுப் போங்கள். அதே காலில் முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். முந்தின நாள் எவ்வளவு மடங்கியது, நீண்டது என்பதை டிகிரியில் அளந்து எழுதித் தரச் சொல்லி வாங்கிவையுங்கள். பிற்பாடு வாரம் ஒரு தடவை அளக்கும் எண்ணையும் அதன் கீழேயே எழுதிக்கொண்டு வந்தால், ஆறாவது வாரம் டாக்டர் முன்னால் உட்காரும்போது அந்த ஒரு தாள் போதும்.